இரண்டாம் பரிசு பெற்ற பாடல்: சிபேலியஸின் பின்னிஷ் சேர்ந்திசையும் ஒரு மொழியின் பொதுக்குரலும்

1894ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி மாணவர் ஒன்றியப் பாடகர் குழு ஓர் இசையமைப்புப் போட்டியை நடத்தியது. முதற்பரிசு எமில் கெனெட்ஸ் என்பவரின் ‘ஹக்கபெலீத்தா’ என்னும் பாடலுக்குச் சென்றது. முப்பதாண்டுப் போரில் சுவீடன் மன்னருக்காகப் போரிட்ட பின்லாந்துக் குதிரைப்படையினரைக் குறிக்கும் பெயர் அது. பெயரே பாடலின் தன்மையைச் சொல்லிவிடும். இரண்டாம் பரிசு 28 வயது இளைஞர் ஒருவரின் ‘ரகஸ்தவா’வுக்குக் கிடைத்தது. ‘காதலன்’ என்று பொருள். நாட்டார் பாடல் தொகுப்பான ‘கந்தெலெத்தா’ரிலிருந்து எடுத்துக் கோத்த காதற்பாடல்கள், இசைக்கருவித் துணையின்றி ஆண்குரல்கள் மட்டுமே பாடுவதற்கு அமைக்கப்பட்டவை. அந்த இளைஞர் ழான் சிபேலியஸ்.

அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அது மேடையேறியபோது துணையற்ற வடிவில் பாடப்படவில்லை. பாடகர்களுக்குக் கடினமாக இருந்ததால் நரம்பிசைக் கருவிகளின் துணையைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று பின்லாந்தின் சேர்ந்திசைக் கருவூலத்தில் முதன்மையான இடம் பெற்றுள்ள படைப்பு, தனக்கென வகுத்த வடிவில் முதல் நாளிலேயே ஒலிக்க முடியாமற்போனது. கெனெட்ஸின் வெற்றியை நடுவர்களின் ரசனைக் குறைவு என்று ஒதுக்கிவிடுவது எளிது. பிற்கால வாழ்க்கை வரலாறுகள் பலவும் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் மாணவர் குழுக்கள் அதுவரை பாடிவந்தவை எவை, எந்த மொழியில் பாடின, அம்மொழி எத்தகைய இசைக்குள் திணிக்கப்பட்டிருந்தது என்பவற்றைப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு விளங்கும். சிபேலியஸ் செய்தது என்ன என்பதும் அப்போதுதான் விளங்கும்.

1809 வரை பின்லாந்து சுவீடன் அரசின் பகுதி. அதன்பின் 1917 வரை ரஷ்யப் பேரரசுக்குட்பட்ட தன்னாட்சிப் பெருங்கோமகவம். ஆட்சி மாறியும் நிர்வாகம், நீதிமன்றம், பல்கலைக்கழகம், நகரத்து வரவேற்பறை ஆகிய அனைத்திலும் சுவீடிஷே நீடித்தது. மக்களில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டோர் பேசிய பின்னிஷ் உழவரின் மொழியாகவும் மறைத்தட்டில் நின்று உரைக்கும் பாதிரியாரின் மொழியாகவும் மட்டும் இருந்தது. இரண்டாம் அலெக்சாந்தர் பேரரசர் 1863இல் பிறப்பித்த மொழி ஆணை, இருபதாண்டுகளுக்குள் பின்னிஷை அலுவல்களில் சுவீடிஷுக்கு இணையாக்க வேண்டும் என்றது. அந்த இருபதாண்டு முடியும் 1883ஆம் ஆண்டில்தான் பின்னிஷில் பாடுவதற்கென்றே முதல் சேர்ந்திசைக் குழு நிறுவப்பட்டது. பதினோராண்டுகள் கழித்து மேற்சொன்ன போட்டியை நடத்திய மாணவர் குழு அதுதான்.

அதற்கு முன்னரே, 1838இல், பல்கலைக்கழகத்தில் ஒரு பாடகர் குழு உருவாகியிருந்தது. அதைத் தொடங்கியவர் ஹாம்பர்க்கிலிருந்து வந்த பிரெட்ரிக் பாசியுஸ் என்னும் ஜெர்மானியர். பாடிய மொழி சுவீடிஷ். பின்லாந்தின் தேசிய கீதமாக இன்று பாடப்படுவதும் ரூனெபெர்க் சுவீடிஷில் எழுதிய கவிதைக்கு பாசியுஸ் 1848இல் அமைத்த மெட்டே. ஜெர்மானியர் மெட்டு, சுவீடிஷ் சொற்கள், பின்லாந்தின் கீதம் என்பதில் அன்றைய தேசியவாதிகள் முரண்பாடு எதையும் காணவில்லை. தேசியம் முதலில் நாட்டைப் பற்றியதாக இருந்தது. மொழியைப் பற்றியதாக ஆனது பின்னர்தான்.

மாணவர் சேர்ந்திசை ஜெர்மானிய ஆண்குரல் பாடல் மரபிலிருந்து வந்தது. இரண்டு டெனர், இரண்டு பாஸ் என நான்கு குரல்கள். மெட்டு மேற்குரலில் நிற்க, மற்ற மூன்றும் அதற்கடியில் ஒரே தாளத்தில் நகரும். பியானோ வேண்டியதில்லை என்பதால் வீதியிலும் கப்பல் தளத்திலும் கல்லறையிலும் பாடலாம். மாணவர் அரசியலுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. இந்த மரபின் தாளம் ஜெர்மானிய மொழிகளின் பேச்சோட்டத்தில் ஊறியது. அம்மொழிகளில் பெயர்ச்சொல்லுக்கு முன் சிறு சுட்டுச்சொல்லோ முன்னிடைச்சொல்லோ வந்து, அழுத்தமின்றி ஒலித்து, அடுத்த அசையில் அழுத்தம் விழும். எனவே அவற்றின் பாடல்கள் பெரும்பாலும் தாளத்தின் முதல் அடிக்குச் சற்று முன்னரே எடுக்கப்படுகின்றன.

பின்னிஷ் அப்படிப்பட்ட மொழியன்று. அதில் சுட்டுச்சொல் இல்லை; வேற்றுமை உருபுகள் சொல்லின் இறுதியில் ஒட்டுகின்றன; அழுத்தம் எப்போதும் சொல்லின் முதலசையில் விழும். ஆகவே ஏறக்குறைய எந்தச் சொற்றொடரும் அழுத்தத்துடனேயே தொடங்கும். ஜெர்மானிய மெட்டுக்குப் பின்னிஷ் சொற்களைப் பொருத்தும்போது அழுத்தம் இடம் தவறி விழுவதும், ஓரசை வியப்புச் சொல்லையோ இணைப்புச் சொல்லையோ முதலில் ஒட்டி நிரப்புவதும் தவிர்க்க முடியாதவை ஆயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்னிஷ் செய்யுளும் வழிபாட்டுப் பாடல் மொழிபெயர்ப்பும் இந்தத் தொல்லையுடன் ஓயாமல் மல்லுக்கட்டின.

தொல்லை இத்துடன் நிற்கவில்லை. பின்னிஷில் அழுத்தமும் அளவும் வெவ்வேறு. குறில் நெடில் வேறுபாடும் ஒற்றிரட்டித்தலும் பொருளை மாற்றும்: ‘துலி’ என்றால் நெருப்பு, ‘தூலி’ என்றால் காற்று, ‘துல்லி’ என்றால் சுங்கம். படு, பாடு, பட்டு என்று பழகிய காதுக்கு இது புதிதன்று. ஆனால் அழுத்தம் பெறும் அசையை நீட்டிப் பாடுவதே இயல்பென்று கொண்ட ஐரோப்பிய இசைக்கு இது பெரிய இடர். அழுத்தம் விழும் முதலசை குறிலாகவும், அழுத்தமற்ற இரண்டாம் அசை நெடிலாகவும் அமைந்த சொல்லை எப்படிப் பாடுவது? முதலசையை நீட்டினால் சொல் சிதையும். இரண்டாவதை நீட்டினால் மேலைக் காதுக்கு அழுத்தம் இடம் மாறியதாகத் தோன்றும்.

இந்தக் கேள்விக்கு விடை நாட்டுப்புறத்தில் ஏற்கெனவே இருந்தது. கிழக்கே கரேலியாவிலும் இங்க்ரியாவிலும் பாடப்பட்டுவந்த பழம்பாடல்கள் எட்டசை அடிகளால் ஆனவை. அவற்றின் யாப்பில், அழுத்தம் பெறும் முதலசை நெடிலாயின் தாளத்தின் எழுச்சியிலும், குறிலாயின் வீழ்ச்சியிலும் நிற்க வேண்டும். அடியின் முதற்சீருக்கு மட்டும் விலக்கு. இதனால் சொல்லழுத்தமும் தாள எழுச்சியும் சில இடங்களில் ஒன்றுகூடும், சில இடங்களில் விலகும். அடிக்குள் சொற்கள் மோனையால் கட்டப்படும். ஓரடி சொன்னதை அடுத்த அடி வேறு சொற்களில் மீட்டும். பாடும்போது இறுதி இரண்டு அசைகளை நீட்டுவது பரவலான வழக்கம். அப்போது அடி ஐந்து தாள அலகுகளைப் பெறும். மெட்டோ ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடக்கூடியது. எலியாஸ் லொன்ரோத் தொகுத்துக் கோத்த ‘கலேவலா’ 1835இலும், 50 படலங்களும் 22,795 அடிகளும் கொண்ட அதன் விரிந்த வடிவம் 1849இலும் வெளிவந்தன. தனிப்பாடல் தொகுப்பான ‘கந்தெலெத்தார்’ 1840-41இல் வந்தது. (ஆர். சிவலிங்கம் என்னும் உதயணன் 1994இல் வெளியிட்ட தமிழாக்கத்தால் கலேவலா தமிழிலும் படிக்கக் கிடைப்பது.) ஆனால் அரை நூற்றாண்டுக் காலம் இந்நூல்கள் படிக்கப்பட்டனவேயன்றி, அவற்றின் ஒலி மேடை இசைக்குள் நுழையவில்லை.

நுழைத்தவர் பின்னிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர் அல்லர் என்பதுதான் இவ்வரலாற்றின் மையம். சிபேலியஸ் 1865இல் ஹமீன்லின்னாவில் சுவீடிஷ் பேசும் மருத்துவர் குடும்பத்தில் பிறந்தவர். பஞ்ச காலமான 1868இல் தந்தை தொற்றுக் காய்ச்சலுக்குப் பலியானார். 1876இல் அவ்வூரின் பின்னிஷ் வழிப் பள்ளியில் சேர்ந்தார். பின்னிஷ் அவருக்குப் பள்ளிக்கூடத்து மொழியாகவே வந்தது. 1909 முதல் பல்லாண்டுகள் எழுதிய நாட்குறிப்பும் சுவீடிஷில் உள்ளதே. தனிக்குரலுக்கும் பியானோவுக்குமாக அவர் அமைத்த நூற்றையொட்டிய பாடல்களில் மிகப் பெரும்பான்மை சுவீடிஷ். பின்னிஷில் அமைந்தவை ஒரு கைவிரல்களில் எண்ணத்தக்கவை. துணையற்ற ஆண்குரல் பாடல்களுக்கு வரும்போதோ, குறிப்பாக 1890களில், இக்கணக்கு தலைகீழாகிறது. வரவேற்பறையில் ஒருவர் பாட, சிலர் கேட்கும் அந்தரங்கப் பாட்டு சுவீடிஷில். மண்டபத்தில் நாற்பது பேர் நின்று பாடும் பாட்டு பின்னிஷில். ஒரே மனிதருக்குள் இரு மொழிகளும் தம் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட இவ்விதம், அன்றைய பின்லாந்தின் கல்விகற்ற வகுப்பு முழுவதன் நிலையையும் காட்டும். சிபேலியஸ் ‘தேசத்தின் குரல்’ என்று சொல்லும் நூல்கள் இந்தக் கணக்கை அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுவது வழக்கம். அது நூலின் உடலில் இருக்க வேண்டிய செய்தி.

அவரைப் பின்னிஷின் பக்கம் திருப்பியதில் காதலுக்கும் பங்குண்டு. 1890இல் அவருக்கும் ஐனோ யார்னெபெல்ட்டுக்கும் மணவுறுதி ஆயிற்று. யார்னெபெல்ட் குடும்பம் பின்னிஷ் இயக்கத்தின் கோட்டை. அக்குடும்பத்தின் தாயார் எலிசபெத் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்த பால்டிக் ஜெர்மானிய உயர்குடிப் பெண். தாம் வயதுவந்தபின் கற்ற பின்னிஷை வீட்டுமொழியாக்கியவர் அவர். ஐனோ தம் கடிதங்களைப் பின்னிஷில் எழுதினார். சிபேலியஸ் பெரும்பாலும் சுவீடிஷில் விடையிறுத்தார். 1890-91இல் வியன்னாவில் படித்துக்கொண்டிருந்தபோது அவர் கலேவலாவில் ஆழ்ந்தார். அது முழுவதும் இசையாகவே, ஒரு கருப்பொருளும் அதன் மாறுபாடுகளுமாகவே தமக்குத் தோன்றுகிறது என்று ஐனோவுக்கு எழுதினார். கதையை அல்ல, அடிகள் ஒன்றையொன்று மீட்டும் அமைப்பை அவர் கேட்டிருக்கிறார். தாய்மொழியாளர் பொருளுக்குள் நேரே புகுந்துவிடுவார். வெளியிலிருந்து வருபவருக்கு முதலில் எட்டுவது ஒலி.

1891இன் இறுதியில் அவர் போர்வோ நகருக்குச் சென்று லாரின் பராஸ்கெயின் பாடலைக் கேட்டார். இங்க்ரியாவில் பிறந்த பராஸ்கெ எழுத்தறியாத ஏழைப் பெண். அவரிடமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை அடோல்ப் நியோவியுஸ் என்னும் பாதிரியார் எழுதியெடுத்துக்கொண்டிருந்தார். பராஸ்கெயின் சொல்லழுத்தமும் தாளமும் எப்படி நகர்கின்றன என்பதைச் சிபேலியஸ் கூர்ந்து கவனித்துக் குறிப்பெடுத்ததை உடனிருந்த யூர்யோ ஹிர்ன் பின்னர் பதிவுசெய்துள்ளார். 1892 ஏப்ரல் 28இல் அரங்கேறிய ‘குல்லெர்வோ’வின் மூன்றாம் பகுதியில் ஆண்குரல்கள் ஒரே மெட்டில் ஐந்தலகுத் தாளத்தில் கதைசொல்லிச் செல்கின்றன. அவ்வாண்டு ஜூனில் திருமணம். தேனிலவுப் பயணத்தின் ஒரு பகுதியாக, பழம்பாடல் மெட்டுகளைக் கேட்டெழுதக் கரேலியாவுக்குச் சென்றார். நாட்டார் மெட்டு எதையும் தாம் அப்படியே எடுத்தாண்டதில்லை என்று பிற்காலத்தில் அவர் வற்புறுத்தினார். அது உண்மைதான். அவர் எடுத்தது மெட்டையன்று, மெட்டு பிறக்கும் முறையை.

அம்முறை துணையற்ற சேர்ந்திசையில் தெளிவாகத் தெரிகிறது. ஆர்க்கெஸ்ட்ராவில் சொற்களை மறைக்கும் வண்ணங்கள் ஆயிரம் உண்டு; இங்கு சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. 1893இன் ‘வெனெமத்கா’, அதாவது படகுப் பயணம், கலேவலாவின் 40ஆம் படலத்திலிருந்து எடுத்த சில அடிகள் மட்டுமே. வைனாமொயினன் பாடிக்கொண்டே படகைச் செலுத்துகிறான். நிலமுனைகளில் நிற்கும் பெண்கள் அந்த ஒலியைக் கேட்டு வியக்கிறார்கள். மிகச் சிறிய பாடல். ஒரு தாள உருவைப் பற்றிக்கொண்டு அடிக்கு அடி முன்னகரும் அதன் ஓட்டத்தில், அசைகள் தம் அளவுக்கேற்ப நின்றும் விரைந்தும் செல்கின்றன. ஜெர்மானிய மாணவர் பாடல்களில் ஒத்திசைவு ஓரிடத்திலிருந்து புறப்பட்டு மற்றோரிடம் சென்று வீடு திரும்பும். இங்கு அது பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்று அதிர்கிறது. பழம்பாடலின் ஐந்து சுரங்களுக்கும் போவதற்கு வேறு இடம் இல்லை அல்லவா.

‘ரகஸ்தவா’ இன்னும் துணிவானது. காதலியைத் தேடும் கேள்வியில் தொடங்கி, அவள் நடந்த வழியை எண்ணி, பிரிவு வாழ்த்தில் முடிகிறது. நடுவில் குரல்கள் ‘ஐலா, ஐலா’ என்று பொருளற்ற அசைகளை விடாமல் மீட்ட, அதன்மேல் சொற்கள் மிதந்து செல்கின்றன. நாட்டார் பாடலின் பல்லவி அசைகள் அலங்காரமாக அன்றி, மத்தளத்தின் இடத்தில் நின்று வேலை செய்கின்றன. மெட்டு மேற்குரலுக்கே சொந்தம், மற்றவை துணை என்று பழகிய மாணவர்களுக்கு இதைக் கருவித் துணையின்றிச் சுருதி பிசகாமல் நிறுத்துவது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பது, பாடிப் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். இரண்டாம் பரிசில் அநியாயம் பெரிதாக இல்லை. நடுவர்கள் பாடத்தக்க பாடலைத் தேடினார்கள். அவருடையது அன்றைய குழுவால் இன்னும் பாட முடியாத பாடல்.

அடுத்த சில ஆண்டுகளில் குழுக்களும் வளர்ந்தன, பாடல்களும் வந்தன. 1895இன் ‘சாரெல்லா பலா’, தீவில் எரியும் தீயைப் பற்றிய கேள்வியும் விடையுமாகச் சங்கிலிபோல் நீள்கிறது. 1898இன் ‘சிதமெனி லௌலு’, என் இதயத்தின் பாட்டு, அலெக்சிஸ் கிவியின் ‘ஏழு சகோதரர்கள்’ என்னும் 1870ஆம் ஆண்டு நாவலில் வரும் தாலாட்டு. பின்னிஷின் முதற்பெரும் நாவல் அது. அதைப் பல்கலைக்கழகத்தின் பின்னிஷ் பேராசிரியர் ஆல்க்விஸ்ட் கடுமையாகத் தாக்கினார். கிவி 1872இன் கடைசி நாளில் வறுமையிலும் மனநோயிலும் இறந்தார். தாலாட்டு விசித்திரமானது. தாய் தன் குழந்தையை மரண தேவனின் தோப்புக்கு அனுப்பி, அங்கே இனிய உறக்கம் இருப்பதாகப் பாடுகிறாள். கிவி பழம்பாடலின் யாப்பில் எழுதியவர் அல்லர். சிபேலியஸும் இங்கு ஐந்தலகுத் தாளத்தையோ மீட்டலையோ நாடவில்லை. மென்மையாக, ஏறத்தாழ அசைவின்றி, அந்த அசாதாரண அமைதியைத் தொடாமல் விட்டிருக்கிறார். அதே 1898இன் நவம்பரில் அவருக்குக் கிர்ஸ்தி என்னும் மகள் பிறந்தாள். 1900 பிப்ரவரியில் அவள் காய்ச்சலில் இறந்தாள். பாடல் முன்னதாகவே எழுதப்பட்டுவிட்டது. ஆயினும் இந்த இரு செய்திகளையும் அறிந்தபின் அதைத் தனித்தனியே கேட்பது கடினம்.

‘சோர்துனுத் ஆனி’, உடைந்த குரல், கந்தெலெத்தாரிலிருந்து எடுத்த புலம்பல். ஆறுபோல் ஓடிய குரலை எது சிதைத்தது என்று கேட்கிறது. இப்பாடல் பல்கலைக்கழக ஆண்களின் வாயில் ஒலித்தபோது, அது எவருடைய குரல் என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. காவியப் பாடல்களைப் பெரும்பாலும் ஆண்களிடமும், உணர்ச்சிப் பாடல்களைப் பெரும்பாலும் பெண்களிடமும் கேட்டெழுதினர் தொகுப்பாளர். லொன்ரோத்துக்குக் கந்தெலெத்தாரின் மிக முக்கியமான பாடகியாக அமைந்தவர் மதெலி குய்வலதார் என்னும் கரேலிய மூதாட்டி. அச்சேறிய நூலில் பாடியவர் பெயர்கள் இல்லை. பாடல்கள் ‘மக்களு’டையவை ஆயின. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் 1901 வரை பெண்கள் தனி விலக்காணை பெற்றே சேர முடியும் என்ற நிலையில், மாணவர் குழு என்றாலே ஆண் குழுதான். கிராமத்துப் பெண்ணின் ஒற்றைக் குரல் நகரத்து இளைஞர்களின் நாற்குரலாகி, பின்னர் தேசத்தின் குரல் எனப் பெயர் பெற்றது. 1898இல் சிபேலியஸ் ‘ரகஸ்தவா’வை ஆண் பெண் கலந்த குழுவுக்கு மாற்றியமைத்தபோதுதான் அந்தக் காதற்பாடல்களில் பெண்குரல் திரும்பி வந்தது. 

1899 பிப்ரவரியில் நிக்கலஸ் பேரரசர் வெளியிட்ட அறிக்கை பின்லாந்தின் தன்னாட்சியின் வேரில் கை வைத்தது. எதிர்ப்பு மனுவில் இரண்டே வாரங்களில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். பேரரசர் தூதுக்குழுவைச் சந்திக்கவே மறுத்தார். மொழிச் சண்டை அதனால் தீர்ந்துவிடவில்லை. ஆனால் மண்டபத்தில் அமர்ந்திருந்தவரின் காது மாறிவிட்டது. உடைந்த குரலைப் பற்றிய பழைய புலம்பலை அந்த ஆண்டில் கேட்டவருக்கு அதன் பொருளை எவரும் விளக்கத் தேவையிருந்திராது. தணிக்கையாளர் ஒரு நாட்டார் பாடலை எந்தக் காரணம் காட்டித் தடுப்பார்? துணையற்ற சேர்ந்திசையின் அரசியல் வலிமை முழக்கத்தில் அன்று, இந்தத் தடுக்க முடியாமையில் இருந்தது.

1901இல் ‘தெர்வே கூ’, நிலவே வாழ்க, வந்தது. ஹெய்க்கி கிளெமெத்தி அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய ‘சுவோமன் லௌலு’ குழுவுக்காக எழுதப்பட்டது. கலேவலாவின் 49ஆம் படலத்தில், வடநாட்டுத் தலைவி லொவ்ஹி மலைக்குள் ஒளித்துவைத்த சூரியனும் நிலவும் விடுபட்டு வானுக்குத் திரும்ப, வைனாமொயினன் அவற்றை வரவேற்கிறான். பாஸ் குரல்கள் மனிதக் குரலின் அடித்தளத்தையே தொடும் தாழ்ந்த சுரங்களில் நிற்க, மேலே ஒளி எழுகிறது. எத்தகைய பாடகர்கள் கிளெமெத்தியிடம் இருந்தார்கள் என்பதை அறிந்தே அந்தச் சுரங்கள் எழுதப்பட்டுள்ளன. 1894இன் பாடகர்கள் இதை நெருங்கியிருக்கவே முடியாது.

1904இன் ‘வெல்யெனி வியரைல்லா மைல்லா’, அந்நிய நாடுகளில் என் சகோதரர்கள், வேறு வகையானது. ஆளுநர் பொப்ரிகோவ் முந்தைய ஆண்டு பெற்ற தனியதிகாரத்தால் எதிர்ப்பாளர்களை நாடுகடத்தத் தொடங்கியிருந்தார். ‘பைவலெஹ்தி’ நாளிதழின் எரோ எர்க்கோ அவ்வாறு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர். அவருடன் அவ்விதழைத் தொடங்கிய எழுத்தாளர் யுஹானி அஹோவே பாடலின் சொற்களை எழுதினார். இதற்கு ஒரு பின்கதை உண்டு. அஹோவின் 1890ஆம் ஆண்டு நாவலான ‘யக்சின்’, தனிமையில், ஐனோ யார்னெபெல்ட்டின்மீது அவர் கொண்ட ஒருதலைக் காதலிலிருந்து பிறந்தது. வியன்னாவில் அதைப் படித்த சிபேலியஸ் கடுஞ்சினம் கொண்டார். பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே அஹோவின் வரிகளுக்கு அவர் இசையமைத்தார். அவ்வாண்டு செப்டம்பரில் சிபேலியஸ் குடும்பம் தூசுலா ஏரிப் பகுதியில் கட்டிய ‘ஐனோலா’ இல்லத்துக்குக் குடிபெயர்ந்தது. அஹோ முன்னரே அப்பகுதிவாசி. பழைய யாப்பு இங்கு இல்லை. உரைநடைக்காரர் எழுதிய வரிகள் அவை, சீரற்று நீள்பவை. இசையும் பேச்சுபோலவே தயங்கித் தயங்கிச் செல்கிறது. அதே 1904இன் ஜனவரியில் லாரின் பராஸ்கெ வறுமையில் இறந்தார். ஐனோவின் அண்ணன் எரோ யார்னெபெல்ட் உட்பட ஓவியர்கள் அவரை வரைந்து புகழ்பெறச் செய்திருந்தனர். அந்தப் புகழ் அவர் வீட்டு வரிப்பாக்கியைத் தீர்க்கும் அளவுக்கு நீளவில்லை.

இந்தப் பொதுக்குரல் ஒன்றாகவே நீடித்திருந்தால் வரலாறு எளிமையாக முடிந்திருக்கும். 1893இல் ஜே. எச். எர்க்கோவின் சொற்களுக்குத் தொழிலாளர் நடைப்பாட்டு அமைத்த அதே சிபேலியஸ், 1917இல் ஜெர்மனியில் பயிற்சி பெற்றுவந்த யேகர் படையினருக்கு நடைப்பாட்டு அமைத்தார். அது துணைக்கருவிகளுடன் பாடுவது. 1918இன் உள்நாட்டுப் போரில் வெள்ளைப் படை அதைப் பாடிச் சென்றது. செம்படைக் காவலர் ஐனோலாவைச் சோதனையிட்டனர். போரிலும் அதைத் தொடர்ந்த கொலைகளிலும் சிறைமுகாம்களிலும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒரே மொழியில் பாடிய இரு தரப்பும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட அந்த ஆண்டுக்குப் பிறகு, ‘மக்கள்’ என்னும் சொல்லைச் சேர்ந்திசையில் முன்போல் எவரும் எளிதாக உச்சரிக்க முடியவில்லை.

இதற்கிடையே 1911-12இல் சிபேலியஸ் ‘ரகஸ்தவா’வைக் கடைசி முறையாகக் கையிலெடுத்து, சொற்களை முற்றிலும் நீக்கி நரம்பிசைக் குழுவுக்கு எழுதினார். ஆண்குரல் பாடல்களில் ஆறைத் தேர்ந்து பதினெட்டாம் தொகுதியாக நிலைநிறுத்தினார்; முன்னர் அதில் ஒன்பது இருந்தன. 1925இல் லாரின்-கியோஸ்தியின் சொற்களுக்கு அமைத்த இரு பாடல்கள் 108ஆம் தொகுதியாயின. அதற்கடுத்த ஆண்டின் ‘தபியோலா’வுக்குப் பின் பெரிய படைப்பு எதுவும் வரவில்லை.

ஆயினும் உலகம் அறிந்த அவருடைய பின்னிஷ் சேர்ந்திசைப் பாடல் இவற்றில் ஒன்றன்று. 1899இல் ஆர்க்கெஸ்ட்ராவுக்காக எழுதிய ‘பின்லாந்தியா’வின் நடுவே வரும் அமைதியான மெட்டுக்கு, 1937இல் வைனோ சோலாவும், குளிர்காலப் போர் முடிந்த 1940இல் வி. ஏ. கொஸ்கென்னியெமியும் சொற்கள் எழுதினர். அந்த மெட்டு பாடுவதற்கென எழுதப்பட்டதன்று என்பதே சிபேலியஸின் நிலை. ஆனாலும் துணையற்ற ஆண்குரல் வடிவத்தையும், 1948இல் கலப்புக்குழு வடிவத்தையும் அவரே அமைத்துக் கொடுத்தார். ‘வெனெமத்கா’விலும் ‘ரகஸ்தவா’விலும் மெட்டு பின்னிஷ் அடியிலிருந்து பிறந்தது, இங்கு சொற்கள் மெட்டைத் தேடி வந்தன. மெட்டு தாளத்தின் முதல் அடியில் மௌனமாக நின்று இரண்டாம் அடியில் எடுக்கப்படுகிறது. கொஸ்கென்னியெமி அந்த இடத்தில் ஓரசை விளிச்சொல் ஒன்றை வைத்து, நாட்டின் பெயரின் முதலசை அடுத்த அடியில் பொருந்தி விழும்படி செய்தார். அரை நூற்றாண்டுக்கு முன் ஜெர்மானிய மெட்டுகளுக்குப் பின்னிஷ் சொற்களைப் பொருத்தியவர்கள் கையாண்ட அதே பழைய உத்தி.